ஏரிக்கரை வளைவில் மோதிய மயில்

தம்பிகளா, போன வாரம் செஞ்சி லாரி ஸ்டாண்டுப் பக்கம் நான் டீ குடிக்க வந்தபோது உங்களில் ஒருவன் கேட்டான்: "அண்ணே, இத்தினி வருஷம் ஓட்டினீங்களே, பயமே வந்தது இல்லியா?" கூட இருந்தவர்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை. கேட்டவன் புதுசாக லைசென்ஸ் எடுத்தவன். அவனுக்கு நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அதனால் இப்போது சொல்கிறேன்.

டயரைப் பற்றி உங்களுக்குப் பத்து பேர் சொல்லித் தருவார்கள். பிரேக்கைப் பற்றி, தார்ப்பாயைப் பற்றி, செக்போஸ்ட்டில் எப்படிப் பேசுவது என்பதைப் பற்றிச் சொல்லித் தருவார்கள். முன் கண்ணாடியைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். காலையில் ஈரத்துணி வைத்துத் துடைத்தால் அதோடு தீர்ந்தது என்று நினைக்கிறோம். அது இருக்கும் வரைக்கும் அது இருப்பதே தெரியாது.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால் நடந்தது இது. செஞ்சியில் ஓர் இரும்புக் கடையிலிருந்து கம்பி லோடு. பனமலைப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போக வேண்டும். கம்பி வாங்கியவர் பெயர் ஏழுமலை. நாற்பது வயசு இருக்கும். சென்னையில் கட்டடங்களுக்குக் கம்பி கட்டும் வேலை பார்த்தவர். ஊரில் இப்போதுதான் சொந்தமாக வீடு எழுப்புகிறார். கடையில் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்த்து, துரு பிடித்ததை ஒதுக்கி, ஏற்றும்போதும் கூடவே நின்றார். கயிறு கட்டி முடித்ததும், "டிரைவரண்ணே, நானும் உங்க கூடவே வந்துடறேன்" என்று ஏறி உட்கார்ந்துகொண்டார்.

வழியெல்லாம் பேச்சுதான்.

"இத்தினி வருஷமா அடுத்தவன் வூட்டுக்கே கம்பி கட்டிக்கினு இருந்தேன்ணே. எத்தினி மாடி கட்டிருப்பேன் தெரியுமா? ஒண்ணுத்துலகூட நான் ஒரு ராத்திரி படுத்தது இல்ல."

"இப்ப உன் வூட்டுலயே படுக்கலாமில்ல."

"அதான்ணே. எங்க வூட்டுக்காரம்மா இன்னா சொல்லுது தெரியுமா? தளம் போடற அன்னிக்கே பாய எடுத்தாந்து போட்டுடுவேன்னுது."

கம்பி லோடு எனக்கு எப்போதுமே பிடிக்காது. அதற்குக் காரணம் உண்டு. முன்பு திண்டிவனம் ரோட்டில் கம்பி ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே வந்த மாட்டுக்காகச் சட்டென்று பிரேக் போட்டுவிட்டது. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டி நின்றது, கம்பி நிற்கவில்லை. கேபினின் முதுகுத் தகட்டைக் கிழித்துக்கொண்டு முன்னால் போய்விட்டது. பின்னால் வந்துகொண்டிருந்த நான்தான் முதலில் இறங்கி ஓடினேன். அந்தக் கேபினுக்குள் பார்த்ததை உங்களிடம் சொல்லப் போவதில்லை. அன்றிலிருந்து கம்பி ஏற்றினால் என் முதுகு தானாக விறைத்துக்கொள்ளும். என்னதான் இறுக்கிக் கட்டினாலும், பின்னால் நூறு ஈட்டியை நம் முதுகுக்குக் குறி வைத்து நிறுத்தியிருப்பது போலத்தான் இருக்கும்.

மதியம் தாண்டிய நேரம். வெயில் நேராக முகத்தில் அடித்தது. ஒரு பாறைக் குன்றை ஒட்டி மேடு ஏறி இறங்கினால், ரோடு அப்படியே ஏரிக்கரைமேல் ஏறிவிடும். வலது பக்கம் தண்ணீர். இடது பக்கம் கரையின் சரிவு, கீழே வேர்க்கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லை. கரை நெடுக இடது கைப்பக்கம் வளைந்துகொண்டே போகும். அந்த மேட்டின்மேல் வரும்போது தூரத்தில் ஒரு வரிசையாகப் பெண்கள் போவது தெரிந்தது. நூறு நாள் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறார்கள். தோளில் மண்வெட்டி, கையில் சோற்றுத் தூக்கு, புடவைமேல் ஆம்பளைச் சட்டை. ரோட்டின் இடது ஓரமாக, எங்களுக்கு முதுகு காட்டி நடந்துகொண்டிருந்தார்கள்.

ஏழுமலை முன்னால் சாய்ந்து பார்த்தார். "தோ, எங்க ஊர் பொம்பளைங்கதான். அந்தப் பச்ச சட்ட போட்டுக்கினு போவுது பாருங்க, அதான் எங்க வூட்டுக்காரம்மா, அஞ்சல. நிறுத்துங்கண்ணே, ஏத்திக்கலாம்."

"ஒருத்தர ஏத்தினா எல்லாரையும் ஏத்தணும்யா" என்றேன்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள், இடது பக்கப் பாறைமேல் இருந்து ஒரு மயில் பறந்தது.

நம் பக்கத்து மயிலைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கொல்லையில் மேய்ந்துவிட்டு ரோட்டைத் தாண்டும். பெரும்பாலும் நடந்துதான் தாண்டும். பறந்தாலும் மேலே ஏறிவிடும். இது தோகை உள்ள ஆண் மயில். கனத்தோடு ஏற முடியாமல் தாழ்வாக வந்தது. நீலமாக ஏதோ ஒன்று கண்ணாடி முழுவதும் நிறைந்தது. பிறகு வெடிச் சத்தம்.

கண்ணாடி வெள்ளையாகிவிட்டது.

இதை நன்றாகக் கேளுங்கள். இப்போது வருகிற கண்ணாடி நடுவில் ஒரு சவ்வு வைத்தது. உடைந்தாலும் கொட்டாது, ஒட்டிக்கொண்டு நிற்கும். அது நல்லதுதான், நம் கழுத்தை அறுக்காது. ஆனால் எதிர்வெயிலில் அப்படி நொறுங்கி நிற்கிற கண்ணாடி வழியாக ஒன்றுமே தெரியாது. ஒவ்வொரு விரிசலும் வெயிலை வாங்கி உங்கள் கண்ணிலேயே திருப்பி அடிக்கும். சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால் உட்கார்ந்து வண்டி ஓட்டுவது போல. வண்டி இறக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஏரிக்கரை வளைவு வரப்போகிறது. பெண்கள் முன்னால் இருக்கிறார்கள். இவ்வளவும் எனக்குத் தெரியும். எது எங்கே என்பது மட்டும் தெரியாது.

என் கால் பிரேக்குக்குப் போனது. நான் சொல்லிப் போகவில்லை, அதுவாகவே போனது. பாதி அழுத்திவிட்டேன். அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. 'கர்ர்ர்' என்று, இரும்போடு இரும்பு உரசி நகரும் சத்தம். என் முதுகு முழுவதும் சில்லிட்டுப்போனது. காலை எடுத்துவிட்டேன்.

இடது பக்கம் மேல் மூலையில் கண்ணாடி ரப்பரைவிட்டுக் கழன்று உள்ளே தொங்கியது. அந்தச் சந்து வழியாக மயில் ஏழுமலையின் மடியில் வந்து விழுந்திருந்தது. உயிரோடு இருந்தது. சிறகை அடித்தது. கேபின் முழுவதும் இறகும் தூசும் கண்ணாடித் துகளும் பறந்தன. ஏழுமலை இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அலறினார். "பிரேக்கு! பிரேக்க போடுய்யா! யோவ், பிரேக்க போடு!" ஒரு கையால் என் இடது தோளைப் பிடித்து உலுக்கினார். ஸ்டியரிங் ஆடியது.

"கைய எடு!" என்று கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை.

வலது ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டினேன். காற்று முகத்தில் அறைந்தது. தண்ணீர் தெரிந்தது. கரையோரக் கற்கள் ஒவ்வொன்றாக என் சக்கரத்துக்கு எதிரே வந்தன. எதிரில் தூரத்தில் ஒரு டவுன் பஸ் வந்துகொண்டிருந்தது. ஹெட்லைட்டைப் போட்டேன். ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. கியரைக் குறைத்தேன். இன்ஜின் உறுமியது, வண்டி கொஞ்சம் அடங்கியது. ஆனால் இப்படித் தலையை நீட்டினால் எனக்குத் தெரிவது வலது பக்கம் மட்டும்தான். கரை வளைவது இடது பக்கம். நான் வளைக்காவிட்டால் ஏரி. அதிகமாக வளைத்தால் பெண்கள். எவ்வளவு வளைக்க வேண்டும் என்று சொல்ல இடது பக்கம் ஒரு கண் வேண்டும். அந்தக் கண்ணை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ஒருவன் பக்கத்தில் அலறிக்கொண்டிருக்கிறான்.

"பயப்படாதே" என்று சொல்லியிருந்தால் அவர் காதில் ஏறியிருக்காது. பயப்படாமல் இருக்க அங்கே என்ன இருந்தது?  எப்படி வேறொரு வார்த்தை என் வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

"ஏழுமல! அஞ்சல எங்கடா? அஞ்சல எங்க இருக்குது, பார்த்துச் சொல்லு!"

அலறல் நின்றது. அப்படியே நின்றது. மயிலை முழங்காலால் கீழே தள்ளிவிட்டு, இடது ஜன்னலில் தலையை விட்டார். முகமெல்லாம் ரத்தம். ஒரு கண் மூடியிருந்தது. இன்னொன்றைத் திறந்துகொண்டு பார்த்தார்.

"தோ இருக்காங்க! கிட்ட வந்துட்டோம்ணே! வலப்பக்கம்... வலப்பக்கம் போ!"

"வலப்பக்கம் ஏரிடா. இன்னும் எவ்ளோ போவட்டும்?"

"கொஞ்சம்... போதும், போதும்! அப்டியே வா. வளையுது, எடப்பக்கம் ஒடி. இன்னும் ஒடி." பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. தொண்டை கிழியக் கத்தினார். "அஞ்சல! குதி! எல்லாரும் கீழ குதிங்கடீ! வண்டி கண்ணாடி போச்சு, குதிங்க!"

எதிரே வந்த பஸ் டிரைவர் என் வண்டியின் வெள்ளைக் கண்ணாடியைப் பார்த்திருக்க வேண்டும். கரையின் அந்தக் கோடியிலேயே பஸ்ஸை ஒதுக்கி நிறுத்திவிட்டு, கையை வெளியே விட்டு 'வா, வா' என்று காட்டினார். நான் பிரேக்கை இறகு மாதிரி தொட்டுத் தொட்டு விட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தொடுதலுக்கும் பின்னால் அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக என்னை நோக்கி வந்தது.

அப்போதுதான் இடது முன் சக்கரத்தின் அடியில் ஏதோ ஒன்று நசுங்கியது.

சின்னச் சத்தம்தான். 'நறுக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஏழுமலை சட்டென்று பேசுவதை நிறுத்திவிட்டார்.

வண்டி இன்னும் கொஞ்ச தூரம் உருண்டு நின்றது. இன்ஜினை அணைத்தேன். பின்னால் யாரோ ஒரு பெண் ஓ என்று அழுவது கேட்டது. நான் இறங்கவில்லை. இறங்க முடியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கதவின் கைப்பிடியைப் பிடித்தேன், விரல் மடங்கவில்லை. தம்பிகளா, என் வாழ்க்கையில் பெரிய பயம் கண்ணாடி உடைந்தபோது வந்ததல்ல. வண்டி நின்ற பிறகு, கீழே என்ன கிடக்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த அந்த நேரம்தான். ஏழுமலையைத் திரும்பிப் பார்க்கவும் தைரியம் இல்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை.

இடது பக்கக் கதவை யாரோ திறந்தார்கள். பச்சைச் சட்டை. மண்ணும் புல்லுமாக, முட்டியில் ரத்தத்தோடு, அஞ்சலை நின்றுகொண்டிருந்தார்.

"யாருக்காச்சும்..." என்றேன். 

"யாருக்கும் ஒண்ணுமில்ல. எல்லாரும் கீழ உருண்டுட்டோம். என் சோத்துத் தூக்குதான் சக்கரத்துல நசுங்கிப் போச்சு" என்றார். பிறகுதான் புருஷன் முகத்தைப் பார்த்தார். "ஐயோ, இன்னாய்யா இது!"

மனைவியின் குரலைக் கேட்டதும் ஏழுமலைக்கு வலி தெரிந்துவிட்டது போல. இரண்டு கையும் கண்ணுக்குப் போனது. கசக்கப் போனார். அஞ்சலை தாவி அவர் மணிக்கட்டு இரண்டையும் பிடித்துக்கொண்டார். "கசக்காத! உள்ள கண்ணாடி இருக்குது. கைய எடு. எடுய்யான்றேன்!" அவர் திமிறினார். அந்த அம்மாள் விடவில்லை. மண் வெட்டிய கை, உடும்புப் பிடி. பஸ் டிரைவர் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்து முகத்தில் ஊற்றினார். அந்த பஸ் செஞ்சிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் எங்கேயும் நிறுத்தாமல் ஆஸ்பத்திரி வாசலுக்கே கொண்டுபோய் விடுகிறேன் என்று இருவரையும் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் அந்த அம்மாள் அவர் கையை விடவே இல்லையாம். கண்ணில் துகள் விழுந்தால் கசக்காமல் இருப்பது உங்களால் ஆகாத காரியம். யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நானும் இறங்கி வந்து ஏழுமலையைக் கீழே இறக்கும்போதுதான் பஸ் டிரைவர் என் தோளைத் தொட்டு, "பின்னால பாருங்கண்ணே" என்றார்.

கேபினின் முதுகுத் தகடு கிழிந்திருந்தது. எங்கள் இரண்டு சீட்டுக்கும் நடுவில், ஒரு சாண் நீளத்துக்கு, கம்பி முனைகள் எட்டிப் பார்த்தன. ஏழுமலை ஏற்றும்போது ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்த அதே கம்பிகள். அவ்வளவு மெதுவாக நிறுத்தியே இவ்வளவு. நான் அந்த இடத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டேன்.

மயில் கேபினுக்குள்ளேயே செத்துக் கிடந்தது. ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். முருகன் வாகனத்தை அடித்துவிட்டானே என்று ஒரு பெரியவர் என்னை முறைத்துப் பார்த்தார். "தூக்கி ஏரியில போட்டுடுங்க டிரைவரே, யாருக்குத் தெரியும்" என்று ஒருவர் காதோடு சொன்னார். அந்த நேரத்தில் அது நல்ல யோசனையாகக்கூடத் தெரிந்தது. ஆனால் பயத்தில் ஒன்றை மறைத்தால், அதற்கு மேல் பயந்துகொண்டே இருக்க வேண்டும். வனத்துறைக்குப் போன் போட்டுச் சொன்னேன். வந்தார்கள், சுற்றிப் பார்த்தார்கள், நடந்ததைக் கேட்டார்கள், மயிலை எடுத்துப் போனார்கள்.

முதலாளிக்கும் போன் செய்தேன். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை என்று கேட்டு மூச்சு விட்டார். பிறகு, "ஊர் பக்கந்தான, கண்ணாடிய முழுசா தட்டி எடுத்துட்டு மெதுவா ஓட்டிப் போய் லோடு இறக்கிட்டு வந்துடேன்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. இதை எல்லோரும் செய்கிறார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி இல்லாத வண்டியில் ஒரு வண்டு வந்து கண்ணில் அடித்தால் போதும். அதுவும் முன்னால் கண்ணாடி இல்லாமல், பின்னால் கம்பி சாண் நீளம் உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும்போது!

"என்னால முடியாதுங்க" என்றேன்.

"பயந்துட்டியா?"

"ஆமாங்க. பயந்துட்டேன்."

 அவர் டிராக்டர் வைத்து லோடை இறக்கிக்கொள்ளச் சொன்னார். அன்றைக்கு அந்தப் பதிலைச் சொன்னதற்காக நான் ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை.

ஏழுமலைக்கு செஞ்சி ஆஸ்பத்திரியில் கண்ணைக் கழுவி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வலது கண் தப்பியது. இடது கண்ணில் பார்வை இருக்கிறது, ஆனால் எண்ணெய்த் தாள் வழியாகப் பார்ப்பது போல இருக்கிறது என்று சொன்னார். பார்க்கப் போயிருந்தேன். ஆரஞ்சுப் பழத்தைக் கட்டில்மேல் வைத்துவிட்டு நின்றேன். அவரே கேட்டார்: "அண்ணே, நான் கத்தினனே, அப்ப நீங்க பிரேக்கு போட்டிருந்தா..."  கம்பியை அவரைவிட யாருக்குத் தெரியும்? அஞ்சலை எழுந்து வெளியே போய்விட்டார்.

புதுக் கண்ணாடி மாட்டி வண்டி வந்துவிட்டது. நான்தான் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வீட்டில் கிடந்தேன். பிறகு சும்மா இருக்க முடியாமல் ஊருக்குள்ளேயே செங்கல், எம்-சாண்டு என்று சில்லறை நடை போனேன். முன்னால் ஒரு காக்கா பறந்தால் கால் பிரேக்குக்குப் போய்விடும். சிக்னலில் நிற்கும்போதுகூடப் பின்னால் அந்த இரும்புச் சத்தம் கேட்கும். திரும்பிப் பார்த்தால் செங்கல்தான் இருக்கும். இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் கேட்டால் முதுகு வலி என்பேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். வீட்டில் சொல்லுங்கள்.

சில மாசம் கழித்து ஏழுமலை போன் செய்தார். சுவர் எழும்பிவிட்டதாம். தளத்துக்குக் கம்பி வேண்டுமாம்.

"வேற டிரைவர் இருக்காரு, நல்லா ஓட்டுவாரு, அனுப்பறேன்" என்றேன்.

"அனுப்புங்க. அப்ப நான் பஸ்ல வந்துக்கறேன்" என்றார். பிறகு, "நீங்க ஓட்டினா வண்டியில வரேன்."

மறுநாள் காலையில் கம்பி ஏற்றினோம். நான் கயிறு போதாதென்று சங்கிலியும் போட்டேன். கேபினுக்கும் கம்பிக்கும் நடுவில் தடிமனான பலகை வைத்து அடைத்தேன். ஏழுமலை கூடவே நின்று இழுத்துக் கட்டினார். பிறகு ஏறி, அன்றைக்கு உட்கார்ந்த அதே சீட்டில் உட்கார்ந்தார்.

செஞ்சியைத் தாண்டினோம். எனக்குப் பயமாக இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருக்கும், ஏதாவது பேசி ஆறுதல் சொல்லலாம் என்று திரும்பிப் பார்த்தேன்.

தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருக்க, தலையைக் கதவில் சாய்த்துக்கொண்டு, நல்ல தூக்கம். முந்தின நாள் முழுவதும் தளத்துக்குப் பலகை அடித்த அசதியாக இருக்கும்.

எழுப்பலாம் என்று நினைத்தேன். எனக்குத் துணை வேண்டும் போல இருந்தது. பாறைக் குன்று வந்தது. மேடு வந்தது. என் உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. சட்டையில் துடைத்துக்கொண்டு, கியரைக் குறைத்து, பள்ளம் பார்த்து, அவர் தலை கதவில் இடித்துக்கொள்ளாதபடி மெதுவாக ஓட்டிப் போனேன்.